7 லட்சம் மானியம் யாருக்குங்க உதவுது? (சின்னப் படம், பாட்டு, மேளம் எல்லாம் பேசலாம்)

கிளாப்அடிச்சவன்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன் நான், இன்னைக்கு எழுதியே ஆகணும்னு தோணுச்சு. நேத்து ஒரு கல்யாணத்துல சித்தப்பா பையனைப் பார்த்தேன். 2019ல ஒரு படம் தயாரிச்சவன், படத்துப் பேரைச் சொன்னா இங்க ஒருத்தருக்கும் தெரியாது, பிரச்சனையே அதானே. மொத்தம் 65 லட்சம், பாதி நிலம் வித்த காசு, பாதி மூணு வட்டிக்கு வாங்கினது. பந்தில பக்கத்துல உக்காந்த ஒரு பெரியவர், ஏம்ப்பா சின்னப் படத்துக்கெல்லாம் கவர்மென்ட்டே 7 லட்சம் தருதாமே வாங்கிப் போட வேண்டியதுதானேன்னு கேட்டாரு. இவன் இலையைப் பார்த்துக்கிட்டே, "மாமா, அது எனக்கு ஏழு மாச வட்டி"ன்னான். அப்ளை பண்ணவே இல்லையாம்.

எனக்கு அந்தப் பதில் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. குறைஞ்ச செலவுல எடுத்த தரமான தமிழ்ப் படத்துக்குன்னு ஒரு குழு பார்த்துத் தேர்ந்தெடுத்து தலா 7 லட்சம் குடுக்கறாங்க, திட்டம் நல்ல திட்டம்தான், நான் குறை சொல்ல வரல. ஆனா படம் எடுத்து, சென்சார் ஆகி, ரிலீஸ் ஆகி, ஓடி அல்லது ஓடாம போய் எல்லாம் முடிஞ்சப்புறம் வர்ற காசு அது. பிழைச்சவனுக்கு அது தேவையில்ல, செத்தவனுக்கு அது பத்தாது. அப்ப யாருக்குத்தான் உதவுது? அரசு உண்மையிலேயே சினிமாவுக்கும் இசைக்கும் உதவணும்னா எங்க உதவணும்? நீங்க சொல்லுங்க.

வெட்டிஆபீசர்:
முதல்ல எதுக்கு உதவணும்னு சொல்லுங்க. நம்ம ஊர்ல சினிமாக்காரன் முதலமைச்சரே ஆயிருக்கான், அவனுக்கு என் வரிப்பணத்துல மானியமா. அந்தக் காசுல ரெண்டு ஆஸ்பத்திரிக்கு கட்டில் வாங்கலாம். இப்படிக்கு, ரோட்டுல குழி எண்ணி எண்ணி ஆபீஸ் போறவன்.

மார்னிங்ஷோ:
@வெட்டிஆபீசர் வந்துட்டாருய்யா. இழைன்னு ஒண்ணு ஆரம்பிச்சா ரெண்டாவது கமென்ட் உங்களோடதுதான், குலதெய்வ வழக்கம் மாதிரி.

கணக்குப்பிள்ளை:
நான் வரி சைடுல வேலை பார்க்கிறவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

தமிழ்நாட்டுல சினிமாவுக்கு அரசு செஞ்ச பெரிய உதவி இந்த 7 லட்சம் இல்ல, கேளிக்கை வரி விலக்குதான். 2006ல கலைஞர் ஆட்சி வந்ததும் தமிழ்ல பேர் வச்சா வரி இல்லைன்னாங்க, உடனே போஸ்டர் அடிச்சு ஒட்டின படம்கூட பேரை மாத்திச்சு, ஞாபகம் இருக்கா. 2011ல அம்மா ஆட்சில அதை இறுக்கினாங்க: பேர் மட்டும் பத்தாது, யூ சர்ட்டிபிகேட் வேணும், தமிழ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஏத்த கதையா இருக்கணும், பார்த்துச் சொல்ல ஒரு குழு. அதுக்கப்புறம் கதை டிஸ்கஷன்லயே "இந்த ஃபைட்ல ரத்தம் வேணாம் சார், யூஏ ஆயிடும்"ன்னு பேச ஆரம்பிச்சாங்க, இது எனக்கு நேரடியா தெரியும். அதாவது அரசு உதவின்னு வந்தது திரைக்கதைல கை வைக்கிற அளவுக்குப் போச்சு.

சரி, இந்த விலக்கு யாருக்குப் போச்சு? டிக்கெட் வாங்கினவனுக்கு ஒரு பைசா குறையல. மல்டிபிளக்ஸ்ல அப்ப உச்சம் 120 ரூபாய். வரி உள்ள படத்துக்கும் 120, வரி இல்லாத படத்துக்கும் அதே 120. மிச்சம் ஆனதை தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர்னு பங்கு போட்டாங்க. நல்லா கவனிங்க, 50 கோடி வசூலாகிற படத்துக்கு விலக்கு கோடிக்கணக்குல நிக்கும், 5 லட்சம் வசூலாகிற படத்துக்கு அதே கணக்குல ரொம்பக் கொஞ்சம்தான். கிளாப் தம்பியோட சித்தப்பா பையனுக்கு அதுல டீக்காசு கிடைச்சிருக்கும். பெரிய படத்துக்குப் பெரிய உதவி, சின்னப் படத்துக்குச் சின்ன உதவி, இதான் வரி விலக்கோட லட்சணம்.

2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்துச்சு, 100 ரூபாய்க்கு மேல டிக்கெட்டுக்கு 28%. அதுக்கு மேல நம்ம ஊர்ல உள்ளாட்சி கேளிக்கை வரின்னு 30%ன்னாங்க. தியேட்டரே மூடிட்டாங்க ஞாபகம் இருக்கும். அப்புறம் இறங்கி இறங்கி தமிழ்ப் படத்துக்கு 8%ன்னு நின்னுச்சு. 2019 ஜனவரில ஜிஎஸ்டியும் 18 ஆச்சு. அந்த வருஷத்து மால் தியேட்டர் கணக்கு ஒண்ணு போடுவோம்: அடிப்படை 150, ஜிஎஸ்டி 27, உள்ளாட்சி வரி 12, அதுவே 189. இதுல இணையத்துல புக் பண்ணா அவன் தனியா ஒரு 30, 35 புடுங்குவான். ஒரு பக்கம் ஒரு டிக்கெட்டுக்கு 39 ரூபாய் வீதம் வாங்கிக்கிட்டு இன்னொரு பக்கம் 7 லட்சம் குடுக்கிறது எனக்கு எப்பவும் ஒரு வேடிக்கையாத்தான் தெரியும்.

2025 செப்டம்பர்ல 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆயிடுச்சு. உண்மைய சொல்லணும்னா சின்ன ஊர் தியேட்டருக்கு இதுதான் உருப்படியான உதவி.

தென்பாண்டி_டாக்கீஸ்:
கணக்குப்பிள்ளை அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு. நான் தெக்க ஒரு சின்ன டவுண்ல தியேட்டர் வச்சிருக்கேன், தாத்தா காலத்துல இருந்து. எல்லாரும் எங்களைத்தான் வில்லனா பாக்கிய, சின்னப் படத்துக்கு ஷோ குடுக்க மாட்டேங்கான்னு. நான் ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. காலைல 11 மணி ஷோவுக்கு ஏழு பேரு வாரான். ஏசி போடணும், புரொஜெக்டர் பல்பு எரியணும், ரெண்டு பையன் சம்பளம். ஏழு பேருக்கு ஷோ போட்டா கரண்டு காசுக்கே காணாது. நான் என்ன செய்ய? பதினைஞ்சு பேருக்குக் கீழ வந்தா டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்து அனுப்பிருவேன், மனசாட்சி உறுத்தும், ஆனா அனுப்பிருவேன்.

கவர்மென்ட் உண்மையிலேயே உதவணும்னா எனக்கு அந்த ஒரு ஷோவுக்கு கரண்டு பில்லுல ஏதாவது பாத்துப் போடட்டும், நான் தெனமும் ஒரு ஷோ சின்னப் படத்துக்கு எழுதியே தாரேன்.

மார்னிங்ஷோ:
@தென்பாண்டி_டாக்கீஸ் அண்ணாச்சி அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன் (வேற ஊர்ல). ஒரு படத்துக்கு மூணு தடவை போயி மூணு தடவையும் ஷோ கேன்சல். நாலாவது தடவை என் கூட ஆபீஸ்ல இருந்து அஞ்சு பேரை பிரியாணி வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போனேன், அப்பவும் பதினொண்ணுதான் ஆச்சு.

சீரியஸா சொல்றேன், காசை விட ஸ்கிரீன்தான் விஷயம். மகாராஷ்டிரால 2015ல மல்டிபிளக்ஸ்ல ப்ரைம் டைம்ல மராத்திப் படம் போட்டே ஆகணும்னு கொண்டு வந்தாங்க. பெரிய சத்தம் கிளம்புச்சு, அப்புறம் நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தி மதியம் 12 மணில இருந்துன்னு ஆக்கினாங்க, ஆனா ஒரு ஷோ கட்டாயம்னு நின்னுச்சு. அங்க மராத்திக்குப் போட்டி இந்தி. நமக்கு அந்தப் பிரச்சனை இல்ல, இங்க சின்னத் தமிழ்ப் படத்துக்கு எதிரி பெரிய தமிழ்ப் படம். ஸ்டார் படம் வந்தா ஊர்ல இருக்கிற எல்லா ஸ்கிரீனும் அதுக்கே. அதனால தமிழுக்கு ஒதுக்கீடுன்னு சட்டம் போட்டா நயா பைசா பிரயோஜனம் இல்ல, சின்னப் படத்துக்கு ஒதுக்கீடுன்னு போடணும்.

இன்னொண்ணு, யாருக்காவது ஞாபகம் இருக்கா, 2014ல சென்னை மாநகராட்சி பட்ஜெட்ல அம்மா திரையரங்கம்னு அறிவிச்சாங்க. குறைஞ்ச விலைல மாநகராட்சியே தியேட்டர் நடத்துறது. இட்லி வந்துச்சு, தண்ணி பாட்டில் வந்துச்சு, தியேட்டர் மட்டும் வரல. எனக்கு இன்னைக்கும் அந்த வருத்தம் உண்டு, கட்சி பார்த்துச் சொல்லல.

வெட்டிஆபீசர்:
அது வந்திருந்தா நானே முதல் ஷோ. நான் மானியத்துக்குத்தான் எதிரி, சீப் டிக்கெட்டுக்கு இல்ல.

கிளாப்அடிச்சவன்:
அண்ணே சீப் டிக்கெட்டுக்குப் பேரும் மானியம்தான் 😀

ஓடாதபடம்ரசிகன்:
கேரளாவைப் பாருங்க மக்களே. அவங்க 1975லயே திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஆரம்பிச்சாங்க, சித்ராஞ்சலி ஸ்டுடியோ அவங்களோடது, தியேட்டரும் அரசே நடத்துது, திருவனந்தபுரத்துல கைரளி, ஸ்ரீ, நிளா மூணும் ஒரே வளாகத்துல. திரைப்பட விழா நேரத்துல அந்த வாசல்ல நின்னு பார்க்கணும், காலேஜ் பசங்க பாய் விரிக்காத குறையா க்யூல உக்காந்திருப்பாங்க. பெண் இயக்குநர்களுக்குன்னு ஒரு படத்துக்கு ஒண்ணரை கோடி வரைக்கும் போட்டு அரசே தயாரிக்குது, அதாவது காசு முன்னாடி வருது, கதை பார்த்துட்டு வருது. கிளாப் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். 2024ல சி ஸ்பேஸ்னு அரசே ஒரு ஓடிடியும் ஆரம்பிச்சாங்க.

கர்நாடகாவைப் பாருங்க, அது இன்னொரு பாடம். அங்க வருஷத்துக்கு நூறு படத்துக்கு மேல தலா 10 லட்சம். விளைவு? மானியத்துக்காகவே எடுக்கிற படம்னு தனி ஜாதி உருவாகிப் போச்சு. 6 லட்சத்துல ஒரு படம் மாதிரி ஒண்ணை எடுத்து, எங்கயோ ஒரு தியேட்டர்ல போட்டுக் காட்டி, 10 வாங்கிட்டுப் போறது. பெங்களூர்ல என் ரூம்மேட் ஒருத்தன் அப்படி ஒரு படத்துல ஹீரோ. ஆமா ஹீரோ. ஷூட்டிங் பதினோரு நாள். படத்தை அவனே இன்னும் பார்க்கல.

நம்ம ஊர் நிலைமை? 2009ல இருந்து 2014 வரைக்குமான மாநில விருதை 2017ல அறிவிச்சு 2022 செப்டம்பர்ல கலைவாணர் அரங்கத்துல குடுத்தாங்க. 2009ல குழந்தை நட்சத்திரமா நடிச்ச புள்ள 2022ல காலேஜ் முடிச்சிருக்கும். விருதுங்கிறது அடுத்த படத்துக்கு ஒரு தயாரிப்பாளர்கிட்ட காட்டுற விசிட்டிங் கார்டு, 13 வருஷம் கழிச்சு குடுத்தா அதை யார்கிட்ட காட்டுறது.

யாழ்ப்பெடியன்:
வணக்கம் அண்ணாமார். இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். நீங்கள் எல்லாரும் பெரிய படம் சின்னப் படம் எண்டு கதைக்கிறியள், எங்கட பக்கத்தில இருந்து பாத்தா கோடம்பாக்கம் முழுக்கவே பெரிய படம்தான். இலங்கையில தமிழ்ப் படம் எடுக்கிற ஆள் ஒரே நேரத்தில உங்கட ஸ்டாரோட மோத வேணும், அதே மொழி, அதே தியேட்டர்.

எழுபதுகளில ஒரு சின்னக் காலம் நல்லா இருந்தது. 1972இல அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தினாங்கள். உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் கொஞ்சம் தலை தூக்கினது அந்தக் காலத்திலதான். பாட்டும் அப்பிடித்தான், இலங்கை வானொலி உள்ளூர்ப் பொப் (பாப்) பாட்டுகளைத் தூக்கிப் பிடிச்சுது, எங்கட அப்பா இண்டைக்கும் குளிக்கேக்க அதைத்தான் பாடுறவர். 77க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்து விட்டாங்கள், பிறகு சண்டை, தியேட்டரே மிஞ்சேல்ல. கட்டுப்பாடு போட்டதால சனம் நல்ல இந்தியப் படத்தை இழந்ததும் உண்மை, அம்மா அதுக்கு இண்டைக்கும் திட்டுவா. ஆனா ஒரு வானொலி நிலையம் தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினா ஒரு பாட்டுத் தலைமுறையே உருவாகும் எண்டதை நான் வீட்டிலேயே பாத்திருக்கிறன்.

மார்னிங்ஷோ:
@யாழ்ப்பெடியன் தம்பி இது நான் யோசிக்காத கோணம். நாம இங்க பாதிக்கப்பட்டவங்கன்னு பேசிட்டு இருக்கோம், அங்க நாமதான் ஸ்கிரீனைப் பிடிச்சவங்க.

வலந்தலை:
எல்லாரும் படம் படம்னு பேசுறீங்க, தலைப்புல பாட்டு, மேளம்னு போட்டிருந்ததால உள்ள வந்தேன். எங்கப்பா தவில். தஞ்சாவூர் பக்கம். நான் 3 வருஷம் மாவட்ட அரசு இசைப்பள்ளில தவில் படிச்சேன், இப்ப ஒரு ஷோரூம்ல பில் போடுறேன், முகூர்த்த நாள் லீவு போட்டு வாசிக்கப் போறேன்.

தமிழ்நாடு முழுக்க 17 இசைப்பள்ளி இருக்கு. நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின்லாம் சொல்லித் தர்றாங்க, மேல படிக்கணும்னா இசைக் கல்லூரி இருக்கு, 2013ல இருந்து பல்கலைக்கழகமே இருக்கு. படிக்கிறதுக்கு அரசு ஒண்ணும் குறை வைக்கல, அதைச் சொல்லியே ஆகணும். ஆனா படிச்சு முடிச்சவன் எங்க வாசிக்கிறது? என் செட்ல தவில் வகுப்புல நாலு பேர். ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் கத்தார், ஒருத்தன் கோயில்ல தற்காலிகம், நான் ஷோரூம்.

எங்க ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒண்ணுல சாயரட்சைக்குப் போய்ப் பாருங்க. ஸ்விட்ச் போட்டா தானே அடிக்கிற மிஷின் வச்சிருக்காங்க, முரசு, மணி, சேகண்டி எல்லாம் சேர்ந்து டமடமன்னு. மோட்டார் சுத்துது, இரும்புக் கை ஏறி இறங்குது. அந்தச் சத்தத்துல குழந்தைங்க காதைப் பொத்திக்கும். எங்கப்பா அந்தக் கோயில் வாசல்ல செருப்பை விட்டுட்டு உள்ள போவாரு, மிஷின் நிக்கிற வரைக்கும் மண்டபத் தூண்கிட்டயே நிப்பாரு, நின்னப்புறம்தான் சாமி கும்பிடுவாரு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு.

கல்யாணத்துக்கும் இப்ப செண்டை மேளம், இல்ல டிஜே. நாதஸ்வர செட்டைத் தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் கூப்பிடறாங்க, கெட்டிமேளம் முடிஞ்சா நாங்களே ஓரமா சாப்பிட்டுப் போயிடணும். விரல்ல போடுற கூடு இருக்கே, துணி சுத்தி மாவுப் பசை தடவிக் காய வச்சுப் பண்றது, அதைப் பண்ண எங்கப்பாவுக்கு முன்னெல்லாம் மாசம் ஒருதரம் வேலை இருக்கும், அவ்ளோ தேயும். இப்ப ஒரு செட்டு கூடு வருஷம் ஓடுது. எங்க தொழில் நிலவரம் தெரியணும்னா அந்தக் கூட்டைப் பார்த்தா போதும்.

நலிந்த கலைஞர்களுக்கு மாசம் 3000 ரூபாய் குடுக்கறாங்க, 58 வயசுக்கு மேல. அப்பாவுக்கும் கிடைக்கலாம். அவரு அப்ளை பண்ண மாட்டேங்குறாரு. "நலிந்தன்னு எழுதிக் குடுக்கணுமாடா"ன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல.

வெட்டிஆபீசர்:
@வலந்தலை தம்பி, இதைப் படிச்சப்புறம் ரெண்டு நாளா பதில் எழுதலாம்னு வந்து வந்து போனேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு செண்டை மேளம் புக் பண்ணது நான்தான். அவ்ளோதான் சொல்ல முடியுது. மானியம் வேணாம்னு சொன்னது படத்துக்குத்தான், கோயில்ல ஆள் வச்சு வாசிக்க சம்பளம் குடுன்னா அது மானியமே இல்ல, வேலை.

கணக்குப்பிள்ளை:
நான் சொல்ல நினைச்சதை வெட்டி சொல்லிட்டாரு, முதல் தடவையா ஒத்துப்போறோம், தேதி குறிச்சு வைங்க.

உதவித்தொகை, விருது, மானியம் மூணுமே முடிஞ்சு போனவனுக்குக் குடுக்கிறது. வாங்கி வாசிக்க வைக்கிறதுதான் நடக்கிறவனுக்குக் குடுக்கிறது. 2007ல சென்னை சங்கமம் நடத்தினப்போ பார்க்குலயும் பீச்சுலயும் பறை, ஒயில், கரகம்னு இறக்கினாங்க, ஆட்சி மாறுச்சு நின்னு போச்சு, மறுபடி ஆட்சி மாறி 2023ல வந்துச்சு. பொங்கலுக்கு நாலு நாள் சம்பளம். மிச்ச நாளும் ஆட்சி மாறினா நிக்காத மாதிரியும் ஒண்ணு வேணும்.

வெளிநாட்டுல எப்படின்னா, பிரான்ஸ்ல டிக்கெட்ல 10.72% ஒரு தனி நிதிக்குப் போகும், ஹாலிவுட் படம் ஓடினாலும் அந்தக் காசு உள்ளூர்ப் படத்துக்கு முன்பணமா திரும்பி வரும். அரசு கஜானா வேற, இந்த நிதி வேற, எந்த ஆட்சி வந்தாலும் கை வைக்கறது கஷ்டம். கொரியாவுலயும் 2007ல இருந்து 3% வச்சாங்க. ரேடியோல பாட்டுக்கும் பிரான்ஸ்ல 40% பிரெஞ்சுன்னு சட்டம் இருக்கு. நம்ம உள்ளாட்சி வரில பாதியை இப்படித் திருப்பி விட்டாலே போதும்ங்கறது என் கட்சி. அதுல ஒரு பங்கு மேளத்துக்கும்.

தென்பாண்டி_டாக்கீஸ்:
அந்தப் பாதியில கால்வாசி கரண்டு பில்லுக்கு அண்ணாச்சி, மறந்துராதிய.

ஓடாதபடம்ரசிகன்:
பைசா செலவில்லாத உதவியும் உண்டு. 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க, பாட்டு எழுதினவருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை யாரும் மொத்தமா எழுதி வாங்கிக்க முடியாதுன்னு. ஒரே ஒரு சட்டத் திருத்தம், நிறைய பேருக்குச் சோறு போட்டுச்சு.

வலந்தலை:
சார் நல்ல சட்டம்தான், ஆனா அதுல எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் வர்றாங்க. ஸ்டுடியோல உக்காந்து வாசிச்சவனுக்கு அன்னிக்கு குடுக்கிற கூலிதான் பெரும்பாலும் கடைசிக் காசு. எங்கப்பா ஒரு தடவை சென்னை போயி ஒரு ரிக்கார்டிங்ல ரெண்டு மணி நேரம் வாசிச்சுட்டு வந்தாரு, தீர்மானம், கோர்வைன்னு தாளக் கணக்கெல்லாம் துண்டு துண்டா வாங்கிக்கிட்டாங்களாம். அப்புறம் பாத்தா ஏகப்பட்ட எடத்துல அதே அடி கேக்குது. டீவில வந்தா அப்பா தலையை ஒரு பக்கம் சாய்ச்சு, "இது நம்ம கைடா"ம்பாரு. பேரு எங்கயும் இல்ல.

கிளாப்அடிச்சவன்:
@வலந்தலை தம்பி ஒண்ணு ஒப்புக்கணும். அந்த 2019 படத்துல நான்தான் அசோசியேட் டைரக்டர். க்ளைமாக்ஸ் ஒரு கோயில் திருவிழா. நாதஸ்வரம், தவில் ரெண்டும் லைவா வைக்கலாம்னு மியூசிக் டைரக்டர் கெஞ்சினாரு. பட்ஜெட் இல்லைன்னு கீபோர்டு சாம்பிள்ல (யாரோ வாசிச்சு முன்னாடியே பதிவு பண்ணி வச்ச துண்டு) முடிச்சோம். படத்துல மேளக்காரங்களா நின்னவங்க நாலு பேரும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், கை ஒரு பக்கம் போகும் சத்தம் ஒரு பக்கம் வரும். அந்தச் சாம்பிள்ல வாசிச்சது யாருன்னு அன்னைக்கு எங்க ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. உங்கப்பாவா கூட இருக்கலாம்.

வலந்தலை:
இருக்கலாம் அண்ணே. படம் பேரை இன்பாக்ஸ்ல போடுங்க, அப்பாவுக்குப் போட்டுக் காட்டுறேன், ரெண்டு நொடில சொல்லிடுவாரு.

மாடரேட்டர்:
இழை நல்லா போகுது, அதனால மூடல. கட்சி பேரைச் சொல்லி சண்டை போட்ட மூணு கமென்ட்டை மட்டும் தூக்கியிருக்கேன்.

கிளாப்அடிச்சவன்:
சித்தப்பா பையன்கிட்ட இந்த இழையை ஃபார்வர்ட் பண்ணேன். படிச்சுட்டு ராத்திரி 1 மணிக்கு போன் பண்றான். கடன் இன்னும் 11 லட்சம் பாக்கி, ஆனா கைல ஒரு கதை இருக்காம், ஒரு தவில் வித்வானும் கோயில் மிஷினுமாம். வெளங்கின மாதிரிதான். @வலந்தலை தம்பி, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன், ரெண்டு நாதஸ்வரம் ரெண்டு தவில், ஸ்டுடியோக்கு வந்து ஒரு நாள் வாசிச்சா என்ன ஆகும்?

வலந்தலை:
அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் அண்ணே. அட்வான்ஸ் முன்னாடியே குடுத்துடுங்க, மானியம் வந்தப்புறம் தர்றேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கூடு புதுசா பண்ணனும், அது காயவே ரெண்டு நாள் ஆகும்.